டைவிங் சிலிண்டர்: விமானத்தில் எடுத்துப் போவதா, போன இடத்தில் வாங்கிக்கொள்வதா?

பயணத்துக்கு முந்தின இரவு. பெட்டி தரையில் திறந்து கிடக்கிறது. மாஸ்க், ஃபின்ஸ், வெட்சூட், நீருக்குள் மிதப்பைச் சரிசெய்யும் பி.சி.டி. சட்டை எல்லாம் உள்ளே போயாயிற்று. சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேட்டர் தோள்பையில் பத்திரமாக இருக்கிறது. சிலிண்டர் மட்டும் சுவரோரம் நிற்கிறது. இதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன என்ற எண்ணம் ஸ்கூபா பழகியவர்களுக்கு ஒருமுறையாவது வந்திருக்கும். எனக்குப் பலமுறை வந்திருக்கிறது, இரண்டு முறை எடுத்தும் போயிருக்கிறேன். ஒருமுறை பெரிய சிலிண்டர், இன்னொரு முறை சின்னது. இரண்டு தடவையும் விமான நிலையத்தில் சிக்கல் வரவில்லை. பெரிய சிலிண்டரோடு போனபோது சிக்கல் வந்தது, விமானம் இறங்கிய பிறகு.

சிலிண்டரோடு கிளம்புகிறவர் நான்கு வாசல் தாண்ட வேண்டும். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை முதலாவது. விமான நிறுவனத்தின் கவுன்ட்டர் இரண்டாவது. போன இடத்தில் காற்று நிரப்பித் தருகிறவர் மூன்றாவது. திரும்பி வரும்போது முதல் இரண்டையும் வேறு ஊரில், வேறு ஆட்களிடம் மறுபடி தாண்டுவது நான்காவது. ‘விமானத்தில் விடுவார்களா’ என்று கேட்கிறவர்கள் எல்லோரும் முதல் வாசலை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

நிரம்பிய சிலிண்டர்: பேச்சே இல்லை

காற்று நிரம்பிய சிலிண்டரைப் பயணிகள் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் போட முடியாது. அழுத்தப்பட்ட காற்று, ஆபத்தான சரக்குகளின் பட்டியலில் யு.என். 1002 என்ற எண்ணில், 2.2 என்ற பிரிவில் வருகிறது. எரியாத, நச்சில்லாத வாயுக்களுக்கான பிரிவு அது. ‘வெறும் காற்றுதானே சார்’ என்று கவுன்ட்டரில் வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் காற்றுதான். ஆனால் ஏ.எல். 80 என்று நாம் சொல்லும் 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர், 207 பார் அழுத்தத்தில் (1 பார் என்பது ஏறக்குறைய தரைமட்டக் காற்றழுத்தம்) சுமார் 2,200 லிட்டர் காற்றை அடைத்து வைத்திருக்கிறது. அந்தக் காற்று மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும்.

உயரத்தில் வெளியே அழுத்தம் குறைவதால் சிலிண்டர் வெடித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது காரணமில்லை. பறக்கும்போது விமானத்துக்குள் அழுத்தம் 1 பாரிலிருந்து சுமார் 0.75 பாருக்கு இறங்கும். 207 பாரை அன்றாடம் தாங்குகிற, சோதனையில் அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் தாங்கிக் காட்டிய உலோகத்துக்கு இந்தக் கால் பார் ஒரு பொருட்டே இல்லை. உண்மையான பயங்கள் வேறு. விழுந்து வால்வு முறிந்தால் சிலிண்டர் ஏவுகணையாகிவிடும். சரக்கறையில் தீப்பிடித்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் மீறினால் உடைந்து காற்றை வெளியே விடும் பர்ஸ்ட் டிஸ்க் இருக்கும் வால்வாக இருந்தால், அந்தக் காற்று முழுவதும் தீக்கு ஊட்டமாகப் போகும். ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸோ, வெறும் ஆக்சிஜனோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இது ஏட்டளவிலான பயம் என்று நினைப்பவர்களுக்கு 2008 ஜூலை 25-ஐ நினைவுபடுத்துவேன். ஹாங்காங்கிலிருந்து மெல்பர்னுக்குப் பறந்துகொண்டிருந்த குவாண்டாஸ் 30 விமானத்தின் முன்பக்கச் சரக்கறையில், விமானத்தின் சொந்த அவசர ஆக்சிஜன் சிலிண்டர்களில் ஒன்று வெடித்தது. 29,000 அடி உயரத்தில் விமானத்தின் பக்கச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. சிலிண்டர் தரையைப் பொத்துக்கொண்டு பயணிகள் பகுதிக்குள் பாய்ந்து, கதவின் கைப்பிடியில் மோதி, வந்த வழியே வெளியே போய்விட்டது. விமானம் மணிலாவில் இறங்கியது, 369 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. அது முறையாகப் பராமரிக்கப்பட்டு, முறையான இடத்தில் பொருத்தப்பட்டிருந்த சிலிண்டர். யாரோ ஒரு பயணி பெட்டிக்குள் துண்டில் சுற்றிவைத்த சிலிண்டரைப் பற்றி விமானக்காரர்கள் கவலைப்படுவது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

காலி என்றால் எவ்வளவு காலி

அளவுமானி பூஜ்ஜியம் காட்டினால் நமக்குக் காலி. சோதனை செய்பவருக்கு அது போதாது. எக்ஸ்ரே திரையில் தெரிவது கனத்த சுவருள்ள ஓர் உருளை மட்டும்தான். உள்ளே 200 பார் இருக்கிறதா, ஒன்றுமில்லையா என்று திரை சொல்லாது. அமெரிக்காவின் விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் விதி இதனால்தான் நேரடியாக இருக்கிறது: வால்வை முழுதாகக் கழற்றியிருக்க வேண்டும், சிலிண்டரின் வாய் திறந்திருக்க வேண்டும், உள்ளே எட்டிப் பார்க்க முடிய வேண்டும். அவர்களே உங்களுக்காக வால்வைக் கழற்ற மாட்டார்கள். பூட்டியபடி போனால் சிலிண்டர் அங்கேயே நின்றுவிடும்.

விமான நிறுவனங்களின் விதிகள் இதற்கு மேல். வால்வைத் திறந்து வைத்தால் போதும் என்பவர்கள் உண்டு, கழற்றியே ஆகவேண்டும் என்பவர்கள் உண்டு, எந்த நிலையிலும் ஏற்க மாட்டோம் என்பவர்களும் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வேறொரு நிறுவனத்தின் விமானத்துக்கு மாற வேண்டியிருந்தால் அவர்களிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.

வால்வைக் கழற்றுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முழுக் காரியத்தில் உயிருக்கு ஆபத்தான கட்டம் இதுதான். காற்றை மெதுவாக விடுங்கள். குமிழை ஒரேயடியாகத் திறந்தால் காது கிழியும் சீறல், அரை நிமிடத்தில் வால்வின் மேல் வெண்மையாக உறைபனி, விரல் வைத்தால் சுரீர் என்று குளிர். அந்தக் குளிர்ச்சியில் ஈரம் உள்ளே சேரும். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, மெல்லிய ‘உஸ்’ சத்தத்தோடு போகட்டும். சத்தம் நின்றதும் காலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வால்வின் உள்குழாயில் துருத்துகள் அடைத்திருந்தால் சத்தம் நின்றும் உள்ளே அழுத்தம் இருக்கும். வால்வு கைபலத்துக்கே சுலபமாகச் சுழல வேண்டும், அல்லது ஒரு சின்ன உந்துதலில் இளக வேண்டும். முரண்டு பிடித்தால் ஸ்பேனரோடு மல்லுக்கட்டாமல் சர்வீஸ் செய்பவரிடம் கொண்டுபோங்கள். அழுத்தம் மிச்சமிருக்கும் சிலிண்டரிலிருந்து கழன்று வரும் வால்வு எதிரே நிற்பவரின் முகத்துக்கு நேராகத்தான் வரும்.

கழற்றியபின் வால்வையும், கழுத்தில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் சுத்தமான பையில் தனியாகப் போட்டு வையுங்கள். சிலிண்டரின் வாயை எளிதில் எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் மூடியால் மூடலாம், இறுக்கமாக அடைக்கக் கூடாது. அலுமினியம் இந்தத் திறந்த நிலையைத் தாங்கிக்கொள்ளும். ஸ்டீல் அப்படியில்லை. ஈரக்காற்று பட்டால் ஒரே இரவில் உட்சுவரில் செம்மண் பூசினாற்போலத் துரு படியும்.

பெரிய சிலிண்டர்: கணக்கு எங்கே உதைக்கிறது

ஏ.எல். 80 வால்வு இல்லாமலே 14 கிலோவுக்கு மேல், வால்வோடு 15 கிலோ. பெட்டிக்கு 23 கிலோ என்ற வழக்கமான வரம்பில் மிச்சம் 8 கிலோ. 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டரும் ஏறத்தாழ இதே கனம்தான். ஆக, மற்ற சாமானுக்கு இன்னொரு பெட்டி, அதற்குத் தனிக் கட்டணம்.

காசை விடுங்கள். எதற்காக எடுத்துப் போகிறோம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டபோது எனக்குக் கிடைத்த பதில், ‘அங்கே கொடுக்கும் காற்று எப்படி இருக்குமோ’ என்ற பயம். பலருக்கும் இதுதான். கொஞ்சம் நின்று யோசித்தால் இந்தப் பயத்துக்கு நம் சிலிண்டர் மருந்தே இல்லை என்பது புரியும். நாம் கொண்டுபோவது வெறும் குப்பி. அதில் ஏறப் போவது அதே ஊரின், அதே கம்ப்ரெசரின் காற்று. கம்ப்ரெசர் காற்றை உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டிருந்தால், வாடகை சிலிண்டரிலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும், நம் சொந்த சிலிண்டரிலும் இருக்கும்.

அந்தப் பயத்துக்குச் சரியான மருந்து, கையில் அடங்கும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று. இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. எண்ணெய் வாடை வந்தால் காற்று கெட்டது என்று சொல்லலாம், வாடை வராவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 12021, கார்பன் மோனாக்சைடுக்கு 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) வரைதான் இடம் தருகிறது. டைவிங்கில் புழங்கும் அமெரிக்க ‘கிரேடு இ’ தரத்தில் 10 பி.பி.எம். நீர்மட்டத்தில் ஒரு மூச்சுக்குத் தாங்கும் அளவு, 30 மீட்டர் ஆழத்தில் நான்கு பார் அழுத்தத்தில் நான்கு மடங்காக வேலை செய்யும். 15 கிலோவைத் தூக்கும் தெம்பை இந்தச் சில நூறு கிராமில் செலவழிப்பது எவ்வளவோ மேல்.

இரண்டாவது காரணமாகச் சொல்லப்படுவது பழக்கம். ‘என் சிலிண்டரோடுதான் என் மிதப்பு சரியாக இருக்கும்’ என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஏ.எல். 80 காலியாகும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோ மேல்நோக்கி இழுக்கும், ஸ்டீல் கடைசிவரை அடியிலேயே நிற்கும். ஸ்டீலில் பழகியவர் அலுமினிய வாடகை சிலிண்டரை மாட்டிக்கொண்டு பழைய ஈய எடையோடே இறங்கினால், டைவின் கடைசியில் பாதுகாப்பு நிறுத்தத்துக்காக 5 மீட்டர் ஆழத்தில் நிற்க முடியாமல் மேலே வந்துவிடுவார். முதல் நாள், கரையோரம், சிலிண்டரில் 50 பார் மட்டும் இருக்கும்போது எடையைச் சரிபார்த்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் தீர்கிற விஷயம்.

மூன்றாவது வாசலில் நடந்தது

நான் பெரிய சிலிண்டரோடு போன பயணத்துக்கு வருகிறேன். சோதனை மேஜையில் ஒருவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார், சிரித்தார், அனுப்பிவிட்டார். கவுன்ட்டரில் கூடுதல் பெட்டிக்குப் பணம் கட்டினேன். போய் இறங்கி, வால்வை மாட்டி, காற்று நிரப்பும் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அங்கிருந்தவர் சிலிண்டரின் தோளில் அடித்திருந்த முத்திரையை விரலால் தடவித் தடவிப் படித்தார். பிறகு அதை மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்தார். முத்திரையின் தேதி மூன்று வருடத்துக்கு முந்தியது. நான் கிளம்பிய இடத்தில் அது செல்லும், அங்கே வருடத்துக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. தன் பட்டறையில் நிற்பவர்களின் உயிருக்கு அவர்தான் பொறுப்பு. நான்தான் கேட்காமல் போயிருந்தேன். ஆறு நாளும் வாடகை சிலிண்டரில் மூழ்கினேன், என்னுடையது அறையின் மூலையில் நின்றது.

ஹைட்ரோ டெஸ்ட் என்கிற அழுத்தச் சோதனை அமெரிக்காவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை. பிரிட்டனிலும் 5 ஆண்டுதான், ஆனால் இரண்டரை ஆண்டில் நடுவே உட்புறப் பார்வைச் சோதனை உண்டு. ஆஸ்திரேலியாவில் வழக்கம் ஆண்டுக்கு ஒருமுறை. முத்திரையின் வகையும் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்காவில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. முத்திரை இல்லாத சிலிண்டரை வைத்துக்கொண்டு நின்றால் நிரப்ப மறுப்பார்கள், எவ்வளவு புதியதாக இருந்தாலும். ஐரோப்பாவில் அவர்களுடைய முத்திரையைத் தேடுவார்கள். 1980-களின் கடைசிவரை அமெரிக்காவில் 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த சிலிண்டர்களின் கழுத்தில் வெடிப்பு விடும் பழக்கம் உண்டு, அவற்றைக் கண்டாலே பலர் நிரப்ப மாட்டார்கள். இதெல்லாம் போதாதென்று, வால்வு கழற்றி மாட்டிய சிலிண்டர் என்று தெரிந்தால் புதிதாக ஒரு பார்வைச் சோதனை கேட்கிற இடங்களும் உண்டு. அது நியாயமான கேள்விதான்.

மரை விஷயத்தில் மட்டும் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும் என்று கெஞ்சியே கேட்பேன். சிலிண்டர் கழுத்தின் மரையில் இரண்டு வகை அதிகம் புழங்குகின்றன. எம்25 என்ற மெட்ரிக் மரை ஒன்று, முக்கால் அங்குல என்.பி.எஸ்.எம். மரை இன்னொன்று. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். முக்கால் அங்குலக் கழுத்தில் எம்25 வால்வு நாலைந்து சுற்று உள்ளே போய், இறுகிவிட்டது போலவே இருக்கும். அழுத்தம் ஏறும்போது மரை பிய்த்துக்கொண்டு வால்வு பறக்கும். ஆட்கள் இதில் செத்திருக்கிறார்கள். பயணத்தில் வால்வும் சிலிண்டரும் தனித்தனியாகப் போகின்றன. நண்பர்கள் நாலுபேர் சேர்ந்து போகும்போது வால்வுகள் ஒரே பையில் கலந்துவிடுகின்றன. அந்தப் பை திறக்கும் இடம்தான் ஆபத்து. வால்வின் மேலும் கழுத்தின் மேலும் பொறித்திருக்கும் எழுத்து பொருந்துகிறதா என்று படித்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள். சரியான அளவுக்கு முறுக்க டார்க் ரெஞ்ச் உள்ளவரிடம் கொடுப்பது இன்னும் நல்லது.

சின்ன சிலிண்டர்: இங்கேதான் யோசிக்க இடமிருக்கிறது

போனி என்று சொல்லப்படும் உபரி சிலிண்டரின் கணக்கு வேறு. ஏ.எல். 19 வால்வில்லாமல் மூன்றரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். வாடகைக்கு ஏ.எல். 80 கிடைக்காத டைவ் சென்டரே கிடையாது எனலாம். போனி அப்படியில்லை, பல இடங்களில் வைத்திருப்பதே இல்லை. தனியாக மூழ்குகிறவர்கள், கேமராவோடு துணையை விட்டு விலகி நிற்கப் பழகியவர்கள், 30 மீட்டர் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இதை வீணான சுமை என்று சொல்ல முடியாது.

என்ன அளவு வேண்டும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 மீட்டரில் காற்று நின்றுபோகிறது. பதற்றத்தில் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆழத்தில் அது 120 லிட்டர். நிலைமையைப் புரிந்துகொண்டு போனியின் ரெகுலேட்டருக்கு மாற ஒரு நிமிடம்: 120. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டருக்கு ஏற மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு: ஏறக்குறைய 230. அங்கே மூன்று நிமிடம் நிற்க 135. கடைசி ஐந்து மீட்டருக்கு ஒரு 20. மொத்தம் 500 லிட்டர் சொச்சம். ஏ.எல். 19 முழுதாக நிரம்பினால் சுமார் 540 லிட்டர். சரியாகப் போதும். அதைவிடச் சின்னதான ஏ.எல். 13-இல் 370 லிட்டர்தான், நிறுத்தத்தைக் கைவிட்டு ஏற வேண்டியிருக்கும்.

இதே கணக்கை, கைப்பையில் அடங்கும், கைப்பம்பிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று விற்கப்படும் அரை லிட்டர் குப்பிகளுக்குப் போட்டுப் பாருங்கள். 200 பாரில் 100 லிட்டர். 30 மீட்டரில் ஒரு நிமிடம்கூட வராது. அழுத்தம் உள்ளவரை இதற்கும் விமான விதி ஒன்றுதான், சின்னது என்று தனிச் சலுகை கிடையாது. பயிற்சியே இல்லாதவர்கள் இதை விளையாட்டுப் பொருளாக எடுத்துப் போவது எனக்குப் பெரிய கவலை. அழுத்தக் காற்றை ஆழத்தில் இழுத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், இரண்டே மீட்டரில் நுரையீரல் கிழியலாம்.

நான் சின்ன சிலிண்டரோடு போன பயணம் சரியாக அமைந்ததற்குக் காரணம், கிளம்பும் முன் நான்கு கேள்விகள் எழுதி அனுப்பியதுதான். போனி வாடகைக்கு இருக்கிறதா? இல்லையென்றால் என்னுடையதை நிரப்பித் தருவீர்களா? இந்த முத்திரையும் இந்தத் தேதியும் உங்களுக்குச் செல்லுமா? வால்வு பூட்ட அங்கே ஆள் இருக்கிறாரா? கூடவே சிலிண்டர் தோளின் புகைப்படம். பதில் வந்த பிறகுதான் வால்வைக் கழற்றினேன். போனி இல்லை என்ற பதில் வந்தாலும் உடனே எடுத்துப் போக வேண்டியதில்லை. கூடுதலாகப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் ஸ்டேஜ் சிலிண்டராக ஏ.எல். 40 இருக்கிறதா என்று இன்னொரு வரி கேளுங்கள். டெக்னிக்கல் டைவிங் நடக்கிற இடங்களில் அது பெரும்பாலும் இருக்கும். உடலின் இரு பக்கமும் சிலிண்டர் மாட்டும் சைடுமவுண்ட் தெரிந்தவர் என்றால் இரண்டு சாதாரண வாடகை சிலிண்டர்களே உங்கள் உபரியும் ஆகிவிடும்.

வெளிவிட்ட மூச்சைச் சுத்தம் செய்து மறுபடி சுவாசிக்கத் தரும் ரீபிரீதர் கருவி வைத்திருப்பவர்கள் பாடு வேறு. அவர்களுடைய இரண்டு, மூன்று லிட்டர் சிலிண்டர்கள் கருவியின் உடல் மாதிரி. வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுகூட முக்கியம், போன இடத்தில் பொருத்தமானது கிடைக்குமென்று நம்ப முடியாது. எடுத்துப் போவதே வழி. ஆனால் ஆக்சிஜன் சிலிண்டரின் வாய் திறந்தே போகிறது. சோதனை மேஜையில் வெடிமருந்துத் தடம் பார்க்கத் துணித்துண்டை உள்ளே விட்டுத் துடைக்கிறார்கள், கையுறை விரல் கழுத்தைத் தொடுகிறது. எண்ணெய்ப் பசையும் நூலிழையும் உள்ளே போன சிலிண்டரில் அப்படியே உயரழுத்த ஆக்சிஜன் ஏற்றினால் தீப்பிடிக்கும். போய்ச் சேர்ந்ததும் ஆக்சிஜனுக்கு ஏற்றபடி சுத்தம் செய்ய ஏற்பாடு இருக்கிறதா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைமையும் கவனிக்க வேண்டும். அதில் சோடியம் ஹைட்ராக்சைடு 4 சதவீதத்தைத் தாண்டினால் அரிக்கும் பொருள் என்று யு.என். 1907-இல் வந்துவிடும். தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தாளைக் கையோடு வைத்திருங்கள், அல்லது அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சரக்காக அனுப்புவது, அங்கேயே வாங்குவது

நிரம்பிய சிலிண்டர் சட்டப்படி விமானத்தில் போக ஒரே வழி, ஆபத்தான சரக்கு என்று அறிவித்து கார்கோவில் அனுப்புவது. பயிற்சி பெற்றவர் கையெழுத்திட்ட அறிவிப்பு, பச்சை நிற 2.2 லேபிள், அதற்கென்ற பேக்கிங் விதி என்று அது தனி உலகம். ஒருவார விடுமுறைக்கு யாரும் அதைச் செய்ய வேண்டாம். கம்ப்ரெசரே இல்லாத இடத்துக்கு ஒரு குழுவாக ஆய்வுக்குப் போகிறவர்கள்கூட, சிலிண்டரைக் காலியாகவும் கம்ப்ரெசரைத் தனியாகவும் கடல்வழியாக முன்னதாக அனுப்பிவைப்பதுதான் நல்லது.

மாதக்கணக்கில் ஓரிடத்தில் தங்கி வாரம் மூன்று நாள் மூழ்கப் போகிறீர்கள் என்றால் அங்கேயே பழைய சிலிண்டர் ஒன்றை வாங்கி, கிளம்பும்போது விற்றுவிடலாம். முத்திரை அந்த நாட்டுடையதாகவே இருக்கும் என்பதால் மூன்றாவது வாசல் தானாகத் திறந்துவிடும். வாங்கும் முன் சோதனைத் தேதியையும் கலவையின் வகையையும் பாருங்கள்.

மற்ற எல்லோருக்கும் வாடகைதான். ஒரு டைவின் கட்டணத்திலேயே சிலிண்டரும் ஈயமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். சிலிண்டரை விட்டுவிட்டுப் போகிற பெட்டியில் ரெகுலேட்டருக்கான அடாப்டர் கட்டாயம் இருக்கட்டும். உங்கள் ரெகுலேட்டர் வால்வுக்குள் திருகி மாட்டும் டின் (DIN) வகை, அங்கே வால்வு, மேலே கவ்விப் பிடிக்கும் யோக் வகையை மட்டும் ஏற்கும் என்றால் கை முஷ்டி அளவுள்ள அந்த அடாப்டர்தான் பயணத்தைக் காப்பாற்றும். பெரிய டார்ச்சின் லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள், 100 வாட்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

வாடகை சிலிண்டர் கையில் வந்ததும் சோதனைத் தேதி, வால்வு முகப்பின் ஓ-ரிங் இரண்டையும் பாருங்கள். ரெகுலேட்டரை மாட்டித் திறந்து, அளவுமானியைப் பார்த்தபடியே நாலு மூச்சு ஆழமாக இழுங்கள். இழுக்கும்போது முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. நைட்ராக்ஸ் என்றால் ஆக்சிஜன் அளவை நீங்களே அளந்து, நீங்களே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

சின்ன சிலிண்டரையோ ரீபிரீதரையோ எடுத்துப் போனவர்களுக்கு நான்காவது வாசல் இன்னும் பாக்கி. கடைசி நாளை இதற்காகவே ஒதுக்குங்கள். மூழ்கியபின் பறப்பதற்கு முன் எப்படியும் காத்திருக்க வேண்டும். ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து மூழ்கியிருந்தால் 18, உடலில் சேர்ந்த வாயு வெளியேற வழியில் கட்டாயம் நிற்க வேண்டிய டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிட நிறைய என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் பரிந்துரை. அந்த நேரம் சிலிண்டருக்கும் போதும். கடைசி டைவ் முடிந்த மாலை, நன்னீரில் கழுவி, குமிழைக் கால் சுற்று மட்டும் திறந்து, அறைக்கு வெளியே நிழலில் கட்டிவைத்துவிடுங்கள். சத்தம் அடங்கியபின் வால்வைக் கழற்றி, அதன் மரையையும் சிலிண்டர் கழுத்தையும் ஈரம்போகத் துடைத்து, வாயைத் திறந்தபடியே இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் விமான நிறுவனத்தின் கடிதத்தையும் டார்ச்சையும் பெட்டியின் மேலேயே வையுங்கள். உள்ளே பார்க்க வேண்டும் என்று சோதனை அதிகாரி கேட்கும்போது, டார்ச்சை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம்.